பிரேக் ஒயரும் அங்குஸ்தானும்

கணியம்பாடி,
12.2.1983

திரு. அருணகிரி அவர்களுக்கு,

அம்சவல்லி எழுதுவது. உங்கள் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் இங்கே வந்திருக்கிறது. நம் கச்சேரிக் குழுவில் ஆர்கன் வாசித்த தேவராஜ் அனுப்பியிருக்கிறார். நாம் பிரிந்து நாலு வருடம் ஆனது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. ‘அருணகிரி, அம்சவல்லி இருவருக்கும்’ என்று, அவரிடம் இருந்த என் அண்ணன் வீட்டுப் பழைய விலாசத்தையே எழுதியிருக்கிறார். அதனால் பிரித்துப் பார்த்தேன், தவறாக நினைக்க வேண்டாம்.

உள்ளே வெள்ளி நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சாமான். ஒயர் கிடையாது. அடியில் ஒரு சின்னக் குழி. ரேடியோவுக்குப் போடுகிற சதுர பேட்டரி ஒன்றும் உடன் இருக்கிறது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, சோப்பு டப்பாவா? நமக்கு இன்னாத்துக்கு, அனுப்பிச்சுடு” என்றார். தேவராஜ் எழுதிய துண்டுச் சீட்டையும் வைத்திருக்கிறேன். ‘உன் வலது விரல் மடங்கிவிட்டதாக எழுதியிருந்தாயே, இனி சுண்டவே வேண்டாம். கிதார் கம்பிக்கு மேலே இதைப் பிடி, தானாகப் பாடும்’ என்று அதில் இருக்கிறது.

நீங்கள் ஜமுனாமரத்தூரில் வனத்துறை நாற்றங்காலில் இருப்பதாக மலை பஸ் கண்டக்டர் பாண்டுரங்கன் சொன்னார். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

அம்சவல்லி


ஜமுனாமரத்தூர்,
27.2.1983

அம்சவல்லிக்கு,

பார்சல் வந்தது. பாண்டுரங்கன் பஸ்ஸை நிறுத்தி, ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக் கொடுத்தார். “இன்னா நைனா, கச்சேரியெல்லாம் வுட்டுட்டியா?” என்று கேட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னேன். இங்கே நாற்றுகளுக்கு ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. திரு. போட்டு எழுதியிருக்கிறாய். இந்த மலையில் என்னை அப்படி அழைக்க ஆளில்லை. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வரி போதும் என்றாய், மன்னித்துக்கொள். மாத்திரையைப் போன வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். தொழுநோய் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று அட்டையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். போன உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கினபடியே இருக்கின்றன. இடது கையைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கையிலும் எது பட்டாலும் தெரியாது. அதனால் தினமும் வெளிச்சம் போவதற்குள் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சாமி கும்பிடுவதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

கிதார் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த அம்மா, “வலி தெரியாத விரலுக்கு இரும்புக் கம்பி கத்தி மாதிரி” என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றி நைலான் நரம்பு போடவைத்தார். எப்போதாவது கட்டைவிரலால் வருடிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

தேவராஜின் இயந்திரத்தை வலது உள்ளங்கையில் துணி வைத்துக் கட்டிக்கொண்டு நரம்புக்கு மேலே பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. நகர்த்தினேன், திருப்பினேன், பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது. இப்படிப்பட்ட சாமானோடு அச்சடித்த தாள் ஒன்று வந்திருக்குமே? பெட்டியில் இருந்தால் அனுப்பு. இங்கிலீஷாக இருந்தால் பரவாயில்லை, ரேஞ்சர் ஆபீசில் யாரையாவது கேட்டுக்கொள்வேன்.

அருணகிரி


கணியம்பாடி,
10.3.1983

திரு. அருணகிரி அவர்களுக்கு,

பெட்டியில் வேறு எதுவும் இல்லை. இருந்ததையெல்லாம் அனுப்பிவிட்டேன்.

அது மின்சார கிதாருக்கானதாக இருக்கும். உங்கள் மரக் கிதாருக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். விட்டுவிடுங்கள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணன் மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது. வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன், ரவிக்கைகள் நிறைய வருகின்றன. நைலான் நரம்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்சவல்லி


ஜமுனாமரத்தூர்,
2.6.1983

அம்சவல்லிக்கு,

நீ விட்டுவிடச் சொன்னாய். நான் தேவராஜுக்கு எழுதிக் கேட்டேன். பதில் போன மாதம் வந்தது. அந்த இயந்திரம் கம்பியைத் தொடுவதே இல்லையாம். காந்தத்தால் கம்பியை இழுத்து விட்டு, இழுத்து விட்டு அதிரவைக்கிறதாம். மரக் கிதாரிலும் வேலை செய்யும், ஆனால் இரும்புக் கம்பி வேண்டும், நைலானில் எத்தனை ஜென்மம் பிடித்தாலும் பாடாது என்கிறான். ‘இது தாளில் முதல் வரியிலேயே இருக்கிறதே, அம்சவல்லி படித்துச் சொல்லவில்லையா?’ என்று வேறு கேட்டிருக்கிறான்.

பக்கத்தில் சிங்காரம் என்று ஒருவர் இருக்கிறார். சாமை விதைப்பார், புளி உலுக்குவார், இந்த மலையை விட்டு இறங்கினால் தலை சுற்றும் என்பார். அவரிடம் ஓடாத சைக்கிள் ஒன்று உண்டு. அதன் பிரேக் ஒயரைக் கேட்டு வாங்கினேன். பிரித்தால் உள்ளே மெல்லிய கம்பிகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒன்றை உருவி, நேராக நீவி, இரண்டாவது நரம்பைக் கழற்றிவிட்டு அங்கே கட்டினேன். இரண்டு பக்கமும் நைலான், நடுவில் இது. இயந்திரம் பக்கத்து நரம்புகள் இரண்டின்மேல், தண்டவாளத்தில் ரயில் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஆரம்பித்தது. உலை கொதிக்கப் போகும்போது பாத்திரம் முனகுமே, அப்படி. நானாகச் சுண்டவில்லை, தட்டவில்லை, சத்தம் வளர்ந்துகொண்டே போனது. வளர்ந்து, அப்படியே நின்றது. சிங்காரம் கிதாரின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா சாமி, உள்ள யாராச்சும் மூச்சு வுடறாங்களா?” என்றார்.

சுண்டி வாசிக்கிறவனுக்குச் சுரம் தானாகத் தேய்ந்து போகும், கையும் ஓயும். இதில் சுரம் தேயவே இல்லை, அதனால் நானும் கையை எடுக்கவில்லை. மதியம் உட்கார்ந்தவன் வெயில் சாயும்வரை இடது விரல்களைக் கம்பியில் அழுத்தி மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தேன். சிங்காரத்தின் மனைவி மாணிக்கம்மாள் களி கொண்டுவந்தவர் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். “நிறுத்துய்யா! கைய பாருய்யா, கைய!”

பார்த்தேன். மூன்று விரல் நுனியிலும் கம்பி இறங்கியிருந்தது. கிதாரின் கழுத்தெல்லாம் சிவப்பு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அம்சவல்லி. சந்தோஷமாக இருந்ததா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு விரல் ஆறிவிட்டது. நடுவிரலில் சீழ் பிடித்து நகம் போயிற்று. எலும்புக்கு இறங்கினால் நுனியை எடுக்க வேண்டியிருக்கும் என்று இங்கே நர்ஸ் சொல்கிறார்.

இந்த நாலு வருடத்தில் உன்னை ஒன்றும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். அந்தத் தாள் பெட்டியில் இருந்ததா?

அருணகிரி


கணியம்பாடி,
9.6.1983

மாமாவுக்கு,

இருந்தது. இப்போதும் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். இரும்புக் கம்பி என்று பார்த்ததும் எடுத்து ஒளித்துவைத்தேன். நீங்கள் நைலான் போட்டிருப்பதாக எழுதியபோது நிம்மதியாக இருந்தது. இயந்திரம் பாடாது, விரல் தப்பித்தது என்று இருந்துவிட்டேன். கூசாமல் பொய் எழுதினேன். பிரேக் ஒயரைப் பிரித்துக் கட்டுவீர்கள் என்று யார் கண்டது? புத்தி இருக்கிற ஒருத்தர் செய்கிற காரியமா இது?

எனக்குக் கோபம் வருகிறது. எழுதும்போதே வருகிறது. தாளை அனுப்பியிருந்தால் ஒழுங்கான கம்பி வாங்கி, ஒழுங்காகக் கையைப் பார்த்துப் பார்த்து வாசித்திருப்பீர்களோ என்று யோசித்தால் என்மீதும் வருகிறது.

நான் ஏன் போனேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. நோய்க்குப் பயந்து போய்விட்டாள் என்று ஊர் சொன்னது, நானும் வாயைத் திறக்கவில்லை. அப்போது நோய் என்றே நமக்குத் தெரியாது. ஒரு நாள் காலை, அடுப்பில் இருந்த தோசைக்கல்லை வெறுங்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் கச்சேரியில் மைக் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தீர்கள். கை கருகுகிற வாடை எனக்கு வந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் கத்தினதும், “இன்னா ஆச்சு, ஏன் கத்தற?” என்று என்னைக் கேட்டீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்ன பிறகு அண்ணன் வந்து, “கெளம்பும்மா, போலாம்” என்றார். கிளம்பிவிட்டேன். நீங்கள் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பேனா என்று தெரியாது.

வந்ததிலிருந்து எனக்கும் எதுவும் தெரிவதில்லை. அண்ணன் மகளை வழியனுப்பும்போது வீடே அழுதது. நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாடச் சொன்னார்கள், தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கவரில் பித்தளை வளையம் போல் ஒன்று இருக்கும். என் அங்குஸ்தான். காஜா எடுக்கும்போதும் கொக்கி வைக்கும்போதும் ஊசி குத்தாமல் இருக்க நாலு வருடமாக நடுவிரலில் போட்டிருக்கிறேன். விரல் ஆறிய பிறகு, உங்களுக்கு எந்த விரலுக்கு ஏறுகிறதோ அதில் மாட்டிக்கொள்ளுங்கள். கம்பியை அழுத்த வேண்டாம். இதை அதன்மேல் வைத்து மெதுவாகத் தள்ளினால் போதாதா? முன்பு நம் மேடையில் ஒருவர் கிதாரை மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் இழைத்து வாசிக்கவில்லையா? சதை கம்பியில் படக்கூடாது.

இன்னொன்று. தினமும் விரல்களைப் பார்க்கிறீர்களே, பார்த்ததை எனக்கு எழுதுங்கள். வாரம் ஒரு கார்டு. எழுதவில்லை என்றால் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு உங்களையும் மறந்துவிடுவேன்.

அம்சவல்லி


ஜமுனாமரத்தூர்,
26.6.1983

அம்சாவுக்கு,

நடுவிரல் தப்பித்தது. நகம் வருமா தெரியாது, நுனி இருக்கிறது.

அங்குஸ்தான் என் இடது சுண்டுவிரலுக்குத்தான் ஏறியது. ஒரு சுற்றுத் துணி சுற்றி மாட்டினால் ஆடாமல் நிற்கிறது. கிதாரை மடியில் படுக்கவைத்து, கம்பிக்கு அடியில் மூங்கில் துண்டு கொடுத்து உயர்த்திக்கொண்டேன். உன் யோசனை சரி. ஆனால் அங்குஸ்தானில் ஊசி நிற்பதற்குப் புள்ளி புள்ளியாகக் குழி இருக்கிறதல்லவா, அது கம்பியில் கரகரவென்று உரசியது. சிங்காரம் அரிவாள் தீட்டுகிற கல்லில் ஒரு பக்கத்தை வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். கேட்காமல் செய்துவிட்டேன். இனி அது ஊசிக்கு ஆகாது.

இப்போது சுரம் படிப்படியாக ஏறாமல் சரிவில் ஏறுகிறது. எங்கே நிறுத்தினாலும் அங்கே நின்று பாடுகிறது. மாணிக்கம்மாள் ஒரு மணிக்கொரு தரம் வந்து கையை நீட்டச் சொல்கிறார். உன்னைப் பார்த்ததே இல்லை, இருந்தும் நீ வைத்த ஆள் மாதிரி மிரட்டுகிறார்.

நீ எழுதியதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தேன். தோசைக்கல் எனக்கு நினைவிருக்கிறது, சிரித்தது நினைவில்லை. போகாதே என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு உன்னைப் பிடித்து நிறுத்துவதாவது என்று இருந்துவிட்டேன். அது தப்பு.

இடது கை: நடுவிரல் தவிர காயம் இல்லை. வலது கை: காயம் இல்லை.

அருணகிரி


ஜமுனாமரத்தூர்,
3.7.1983

அம்சாவுக்கு,

இடது கை: நடுவிரல் காய்ந்துவிட்டது. சுண்டுவிரலில் அங்குஸ்தான் பதிந்த தடம், சிவப்பு, தோல் கிழியவில்லை. வலது கை: காயம் இல்லை. மழை இரண்டு நாள். புங்கன் நாற்று நன்றாக வருகிறது.

அருணகிரி


கணியம்பாடி,
8.7.1983

மாமாவுக்கு,

கார்டு வந்தது. வலது கட்டைவிரலைப் பற்றித் தனியாக எழுதவில்லை. மொத்தமாக ‘காயம் இல்லை’ என்று எழுதினால் எனக்கு நம்பிக்கை வராது. ஒவ்வொரு விரலாக எழுதவும். தடம் சிவந்தால் அரைமணிக்கு ஒரு தரம் கழற்றி வைக்கவும்.

அம்சவல்லி


ஜமுனாமரத்தூர்,
17.7.1983

அம்சாவுக்கு,

வலது கட்டைவிரல்: காயம் இல்லை. ஆள்காட்டி விரல்: நாற்றுப் பை கட்டியதில் ஒரு கீறல், மருந்து போட்டாயிற்று. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல்: இல்லை. இடது கை: ஐந்திலும் இல்லை. தடமும் போயிற்று. கண்ணாடி போடாமல் பார்த்ததாக நினைக்காதே, போட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

நேற்று பேட்டரி தீர்ந்தது. சுரம் அப்படியே தணிந்து தணிந்து போய், எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. திருப்பத்தூர் போகிறவரிடம் சொல்லி வேறு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

அருணகிரி


ஜமுனாமரத்தூர்,
14.8.1983

அம்சாவுக்கு,

பத்து விரலும் சரியாக இருக்கின்றன. தனித்தனியாகப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

புது பேட்டரி வந்தது. பிரேக் ஒயரை ஐந்தரைக் கட்டைக்கு இழுத்துக் கட்டியிருக்கிறேன். அது உன் சுருதி. அறுந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இழுத்தேன், அறுபடவில்லை. இயந்திரத்தைப் பிடித்தால் அந்த ஒரு சுரம் மட்டும் விடாமல் நிற்கிறது. எதிரே யாரும் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், செய்ததை எல்லாம் உனக்கு எழுதுவது பழக்கமாகிவிட்டது. வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் போன தடவை வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு என்று எழுதியவன் நான்தான். அதனால் எழுதுகிறேன். வா.

ஒன்று கேட்க வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைக்கிறேன். அங்குஸ்தானை எனக்குக் கொடுத்துவிட்டாய், நானும் தேய்த்துக் கெடுத்துவிட்டேன். இப்போது நீ எதைப் போட்டுத் தைக்கிறாய்?

அருணகிரி


கணியம்பாடி,
2.9.1983

மாமாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத முடியவில்லை, காரணம் கீழே.

எதையும் போடவில்லை. புதிதாக வாங்க வேலூரில் கடைக்குப் போனேன். கையில் எடுத்துப் பார்த்தேன், விரலில் சரியாகத்தான் இருந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் விரலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு வேண்டாம் என்று தோன்றியது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

முதல் சில வாரம் ஊசி குத்தினதே எனக்குத் தெரியவில்லை. ஒரு அம்மாவின் வெள்ளை ரவிக்கையில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு இருந்தது. அண்ணி பார்த்துவிட்டு, “இன்னாடி இது, கைய பாத்துத் தெக்க மாட்டியா?” என்றார். நடுவிரலைப் பார்த்தேன், நாலு துளை. எப்போது குத்தியது என்று நினைவே இல்லை. உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணைக் கட்டி, பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னேன். நோய் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ‘வா’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். ஊசியை எடுத்தேன். ஆள்காட்டி விரலில் நகத்துக்கு அடியில் ஏறிவிட்டது. வலித்தது மாமா. உயிர் போகிற மாதிரி வலித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அண்ணன் ஓடிவந்து, “ஊசி குத்துனதுக்கா இப்டி அழுவற?” என்று திட்டுகிறவரைக்கும் அழுதேன். நாலு வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். விரல் வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் போனதால்தான் இந்தத் தாமதம்.

இனி என் முறை.

வலது கட்டைவிரல்: இல்லை. ஆள்காட்டி விரல்: நகத்தடியில் காயம், வீக்கம் வடிந்துவிட்டது, எழுதும்போது வலிக்கிறது. நடுவிரல்: பழைய துளைகள், ஆறிவிட்டன. மற்றது சரி. இடது கை: ஐந்தும் சரி.

பாடுவேனா என்று இப்போதே கேட்காதீர்கள். அந்தச் சுரத்தைக் கேட்டுப் பார்க்கிறேன். இயந்திரத்தின் தாளை இதோடு வைத்திருக்கிறேன், ஏழாவது வரியில் பேட்டரியைப் பற்றி எழுதியிருக்கிறது, பாருங்கள். அண்ணன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசுவார்.

மலைக்கு வருகிற பஸ்ஸின் மேலே தையல் மெஷினைக் கட்டி ஏற்றிக்கொள்வார்களா, அல்லது தலைப்பாகத்தைத் தனியாகக் கழற்றி எடுத்துவர வேண்டுமா என்று பாண்டுரங்கனைக் கேட்டு உடனே எழுதவும்.

உங்கள்
அம்சா